மயோபதி: சீட்டில் இருப்பது நோயின் பெயரா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் செங்கோட்டையில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, எடை 18 கிலோ. ஓடும்போது அடிக்கடி விழுகிறான், மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டும். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றிக்கொள்கிறான். கெண்டைக்கால் மட்டும் வயதுக்கு மீறித் திரண்டிருக்கிறது. போன வருடம் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தபோது எஸ்.ஜி.ஓ.டி. 240, எஸ்.ஜி.பி.டி. 268 என்று வந்ததால் கல்லீரல் கோளாறு என்று இரண்டு மாதம் மருந்து கொடுத்தார்கள், நானும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். இப்போது திருவனந்தபுரம் போனோம். சி.பி.கே. 11,400. ஒரு சீட்டில் ‘மயோபதி’ என்றும் இன்னொன்றில் ‘டிஸ்ட்ரோஃபி?’ என்றும் எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்த நர்ஸ் ‘பேசீக்ஷயம்’ என்றார். அதைக் கேட்ட என் மாமியார் சயரோகம் என்று நினைத்து, பேத்தியைத் தம்பி பக்கத்தில் படுக்க விடுவதில்லை. பக்கத்து வீட்டில் இளம்பிள்ளை வாதம் என்கிறார்கள். இவை எல்லாம் ஒன்றா, வேறு வேறா? புரோட்டின் பவுடரும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுக்கலாமா? மலையாள வைத்தியரிடம் 21 நாள் உழிச்சிலுக்கு (எண்ணெய் தேய்த்து நீவுவதற்கு) சொல்லியிருக்கிறார்கள், போகலாமா? நான் தாய்மாமனைக் கட்டியவள், அதனால்தான் வந்ததா? என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அதுவும் கவலையாக இருக்கிறது.
- ஒரு தாய், செங்கோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, முதலில் உங்கள் மாமியாரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இது சயரோகம் இல்லை, தொற்றவும் தொற்றாது. அக்காவும் தம்பியும் ஒரே பாயில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். ‘க்ஷயம்’ என்றால் தேய்தல். மலையாளத்தில் தசையைப் பேசி என்பதால் தசை தேயும் நோயைப் பேசீக்ஷயம் என்கிறார்கள். நம் பக்கம் சயம் என்றாலே காசநோய் என்று காதில் விழுந்து பழகிவிட்டது. எல்லையோர ஊர்களில் இந்த ஒரு சொல் வீண் பயத்தைக் கிளப்பிவிடுகிறது.

இளம்பிள்ளை வாதமும் இல்லை. இயற்கை போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றும் கிடைத்தது. போலியோ காய்ச்சலோடு திடீரென்று வந்து ஒரு காலையோ ஒரு கையையோ சாய்த்துவிடும். உங்கள் மகனுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, மெதுவாக, இடுப்பிலும் தொடையிலும் பலம் குறைந்து வருகிறது. தசை சிதைவதைக் காட்டும் சி.பி.கே. போலியோவில் 11,400 வரை ஏறுவதும் கிடையாது.

இனி சீட்டில் இருக்கும் சொல்லுக்கு வருவோம். மயோபதி கிரேக்க வேர்களில் கட்டிய சொல். ‘மூஸ்’ என்றால் தசை, ‘பாதோஸ்’ என்றால் துன்பம், நோய். கிரேக்கத்தில் மூஸ் என்பதற்கு எலி என்றும் பொருள் உண்டு. முழங்கையை மடக்கும்போது புஜத்தில் தோலுக்கடியில் ஏதோ ஓடுவது போலத் தெரிவதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். லத்தீனில் ‘மஸ்குலுஸ்’ என்றால் சின்ன எலி, ஆங்கில மஸில் அதிலிருந்து வந்தது. நம் பிள்ளையார் ஏறும் மூஷிகத்துக்கும் இந்த மூஸுக்கும் வேர் ஒன்றுதான்.

ஆக, மயோபதி என்றால் ‘தசையில் நோய்’, அவ்வளவுதான். என்ன நோய், எதனால், குணமாகுமா என்பது எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. தபாலில் ‘தென்காசி மாவட்டம்’ என்று மட்டும் எழுதி, ஊரும் தெருவும் எழுதாமல் விட்டது போல. கோளாறு மூளையிலோ தண்டுவடத்திலோ நரம்பிலோ இல்லை, தசையிலேயே இருக்கிறது என்று மருத்துவர் முடிவு செய்திருக்கிறார். அதுவே பெரிய படிதான், ஏனென்றால் கை கால் பலவீனம் என்று வருபவர்களில் பாதி வேலை இந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். அடுத்த முறை போகும்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: “எந்த மயோபதி?”

இதே குடும்பத்துச் சொற்கள் இன்னும் பல காதில் விழும். மயோசைட்டிஸ் என்றால் தசையில் அழற்சி, பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படுவது. மயோடோனியா என்றால் இறுக்கிய தசை உடனே தளராமல் இருப்பது, கை குலுக்கினால் விரல்கள் விடுபடத் தாமதமாகும். மயஸ்தீனியாவில் தசை நன்றாகவே இருக்கும், நரம்பு தசையோடு சேரும் இடத்தில்தான் கோளாறு. சாயங்காலத்தில் இமை சரிவது அதன் அடையாளம். கார்டியோமயோபதி என்றால் இதயத் தசையின் நோய். அந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

ஒலியில் ஏமாற்றும் இரண்டு சொற்களும் உண்டு. மயோபியா என்பது கிட்டப்பார்வை, தசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கண்ணை இடுக்கிப் பார்ப்பதைக் குறிக்கும் வேறு வேரிலிருந்து வந்தது. மையலோபதி என்பது தண்டுவட நோய். அவசரக் கையெழுத்தில் மயோபதியும் மையலோபதியும் ஒன்றாகத் தெரியும். படித்துச் சொன்னவர் மாற்றிப் படித்தால் தேவையில்லாமல் முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க அலைவீர்கள். ஆகவே சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது சீட்டில் இருக்கும் டிஸ்ட்ரோஃபி, மயோபதிக்குள் அடங்கும் ஒரு கிளை. ‘டிஸ்’ என்றால் கெட்ட, ‘ட்ரோஃபே’ என்றால் ஊட்டம். ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் எர்ப் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பெயரை நிலைநாட்டினார். தசையின் ஊட்டம் கெட்டுத் தேய்கிறது என்பது அக்காலத்துக் கருத்து. அந்தப் பெயரை நம்பி இன்றைக்கும் வீடுகளில் ஊட்டம் ஏற்றுகிறார்கள். உண்மையில் உணவுக் குறைவால் வருவதே இல்லை. தசை இழையின் மேல்சவ்வைத் தாங்கிப் பிடிக்க ‘டிஸ்ட்ரோஃபின்’ என்ற புரதத்தை உடம்பு தானே தயாரிக்க வேண்டும். அதற்கான மரபணு கெட்டிருந்தால் புரதம் உண்டாகாது. எவ்வளவு புரோட்டின் பவுடர் குடித்தாலும் அது வயிற்றில் செரித்துத் துண்டாகிப் போகுமே தவிர டிஸ்ட்ரோஃபினாக மாறாது. சூப் சாப்பாடு என்ற அளவில் கொடுங்கள், மருந்தென்று கொடுக்காதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு எடை கூடுவதுதான் பின்னால் தொந்தரவு. பலம் குறைந்த காலில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் நடையைச் சீக்கிரம் நிறுத்தும்.

நீங்கள் எழுதிய அடையாளங்களையும் எண்களையும் சேர்த்துப் பார்த்தால் மருத்துவர்கள் எதைச் சந்தேகிக்கிறார்கள் என்பது தெளிவு: டூஷேன் தசைச் சிதைவு, சுருக்கமாக டி.எம்.டி. மறைத்துச் சொல்வதில் பயனில்லை. பரிசோதனையில் உறுதியாகும்வரை அது சந்தேகம்தான், ஆனால் வலுவான சந்தேகம். லண்டன் மருத்துவர் எட்வர்ட் மெரியன் 1850களின் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட சிறுவர்களைப் பற்றி எழுதினார். இறந்த பிள்ளையின் தண்டுவடம் நன்றாக இருந்ததையும் தசை இழைகள் சிதைந்திருந்ததையும் கண்டு, நோய் தசையிலேயே இருக்கிறது என்றார். 1868இல் பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் விரிவாக விவரித்ததால் பெயர் அவருக்குப் போயிற்று. தொடையில் கையூன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுவதை 1879இல் ஆங்கில மருத்துவர் கவர்ஸ் விவரித்தார். உங்கள் மகன் எழும் விதம் அதுதான். கெண்டைக்கால் திரட்சியைப் பலம் என்று எண்ணி ஏமாற வேண்டாம், சிதைந்த இழைகளின் இடத்தில் கொழுப்பும் நாரும் நிரம்புவதே பெரும்பாலும் காரணம்.

சி.பி.கே. ஏன் இவ்வளவு? அது தசைக்குள் இருக்க வேண்டிய நொதி. சவ்வு கிழியும்போதெல்லாம் ரத்தத்தில் கசிகிறது. சாதாரணமாக 200 வரை இருக்கும், டி.எம்.டி. உள்ள சிறுவர்களுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டுவது வழக்கம். எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் உண்டு. உங்கள் மகனுக்குப் போன வருடமே தசை கசிந்துகொண்டிருந்தது, பழி கல்லீரல் மேல் விழுந்தது. இது அடிக்கடி நடக்கும் தவறு. கண் மஞ்சளிக்காமல், பிலிருபின் சரியாக இருந்து, இந்த இரண்டும் மட்டும் ஏறியிருந்தால் உடனே சி.பி.கே.யும் ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதியும் பார்க்கச் சொல்ல வேண்டும். கல்லீரல் கோளாறென்றால் பெரும்பாலும் ஜி.ஜி.டி.யும் ஏறும், தசைக் கோளாறில் ஏறாது. சில நூறு ரூபாயில் முடிகிற விஷயம். இனி வேறு எதற்காக ரத்தம் எடுத்தாலும் இந்த எண்கள் ஏறித்தான் இருக்கும், மறுபடியும் கல்லீரல் மருந்து ஆரம்பிக்க விடாதீர்கள்.

அடுத்த பரிசோதனை மரபணுப் பரிசோதனை. ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும், வெறும் வயிற்றோடு போக வேண்டிய அவசியமில்லை. முதலில் எம்.எல்.பி.ஏ. என்ற முறை. டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் எக்ஸான் எனப்படும் 79 பகுதிகள் உண்டு, அவற்றில் எது விடுபட்டது, எது இரட்டித்தது என்று அது காட்டும். முக்கால் பங்குப் பேருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் பரிசோதனை, அதிலும் இல்லையென்றால்தான் தொடையிலிருந்து தசைத் துணுக்கு எடுப்பது. மரபணுவில் உறுதியானால் தசையின் மின் இயக்கத்தைப் பதிய ஊசி குத்தும் இ.எம்.ஜி.யும் தேவையில்லை, முதுகு எம்.ஆர்.ஐ.யும் தேவையில்லை.

ரிப்போர்ட் வந்ததும் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எந்த எண் எக்ஸான் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 45ஆம் எக்ஸான் ஒன்று மட்டும் இல்லாதவனுக்குக் கடுமையான டூஷேன் வருகிறது. 45 முதல் 47 வரை மூன்றும் இல்லாதவனுக்குப் பெரும்பாலும் அதே மரபணுக் கோளாறின் மிதமான வடிவமான பெக்கர் வகைதான் வருகிறது. மரபணுவை உடம்பு மும்மூன்று எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறது. விடுபட்டது மூன்றின் மடங்காக இருந்தால் மிச்சம் சரியாகப் படிக்கப்பட்டுக் குட்டையான புரதமாவது உண்டாகும். மடங்காக இல்லாவிட்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் குளறிப் புரதமே உண்டாகாது. புதிதாக வந்திருக்கும் சில மருந்துகள் குறிப்பிட்ட எக்ஸான் இழப்புக்கு மட்டுமே பொருந்துபவை. எண் தெரியாமல் ‘புது ஊசி வந்திருக்கிறதாமே’ என்று விசாரிப்பதில் அர்த்தமில்லை.

தாய்மாமனைக் கட்டியதால் வந்ததா? டி.எம்.டி. என்றால், இல்லை. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும், தகப்பன் கொடுப்பது ஒய். நீங்கள் அந்நியத்தில் கட்டியிருந்தாலும் இதே பிள்ளைக்கு இதே நோய்தான். அப்படியென்றால் குற்றம் தாயுடையது என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள், அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு இந்தக் கோளாறு தாயிடம் இல்லாமலே புதிதாக உண்டாகிறது. மீதிப் பேரின் தாய்மாருக்கும் தாங்கள் சுமப்பது தெரியாது. சொந்தத்தில் கட்டுவதால் அபாயம் கூடும் வேறு தசைச் சிதைவுகள் உண்டு. இடுப்பு, தோள் தசைகளைப் பாதிக்கும் ‘லிம்ப் கர்டில்’ வகைகளில் பல அப்படி, அவை பெண் பிள்ளைகளையும் பிடிக்கும். மரபணு ரிப்போர்ட் அந்தப் பக்கம் காட்டினால் இந்தப் பதில் மாறும்.

மகனின் ரிப்போர்ட் வந்த பிறகு அதே கோளாறு உங்களிடம் இருக்கிறதா என்று உங்கள் ரத்தத்தில் பார்ப்பார்கள். இருந்தால் உங்கள் தங்கைக்கும் பார்ப்பது நல்லது, கல்யாணத்தை நிறுத்துவதற்காக இல்லை. சுமப்பவளாக இருந்தால் அவளுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நோய் வர வாய்ப்பு. கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்க முடியும், ஆனால் மகனின் ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் எதைத் தேடுவது என்று தெரியும். அவள் கர்ப்பமான பிறகு அவசர அவசரமாக ஆரம்பிப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் கோளாறு. உங்கள் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுங்கள். ரத்தத்தில் தெரியாமல் கருமுட்டைகளில் மட்டும் கோளாறு இருக்கச் சிறிய வாய்ப்புண்டு. சுமக்கும் பெண்களுக்கும் சில சமயம் இதயம் பலவீனப்படும் என்பதால் நீங்களும் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருந்து என்று பார்த்தால் இன்று கைக்கு எட்டுவது ஸ்டீராய்டு. ப்ரெட்னிசலோன் என்றால் கிலோவுக்கு தினம் 0.75 மில்லிகிராம், டெஃப்லசகார்ட் என்றால் 0.9. உங்கள் மகன் எடைக்கு ப்ரெட்னிசலோன் ஏறக்குறைய 13.5 மில்லிகிராம் வரும். இது மருத்துவர் தொடங்க வேண்டியது, கணக்கு உங்களுக்குப் புரிவதற்காக எழுதினேன். நோயை நிறுத்தாது, நடை நிற்பதைத் தள்ளிப்போடும், நுரையீரலையும் முதுகையும் காக்கும். பிள்ளையின் பலம் ஏறுவது நின்று இறங்கத் தொடங்குமுன் ஆரம்பிப்பது நல்லது, ஆறு வயது அந்தக் கட்டம்தான். தொடங்குமுன் விடுபட்ட தடுப்பூசிகளை, முக்கியமாக அம்மைத் தடுப்பூசிகளை, முடித்துவிட வேண்டும். பசி எடுக்கும், முகம் உப்பும், எலும்பு மெலியும், கண்ணில் புரை வரலாம். ஆகவே வைட்டமின் டி பார்க்க வேண்டும், வருடம் ஒரு முறை கண் பார்க்க வேண்டும். எதற்காகவும் திடீரென்று நிறுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்து. திருவனந்தபுரத்தில் எழுதிய மாத்திரை தீர்ந்து, அடுத்த பயணம் ஒரு வாரம் தள்ளிப்போகும்போதுதான் இந்தத் தவறு நடக்கிறது. எப்போதும் இரண்டு வார மாத்திரை கூடுதலாக வீட்டில் இருக்கட்டும்.

உழிச்சிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெதுவெதுப்பான எண்ணெயை மெதுவாகத் தடவுவதால் கெடுதல் இல்லை, பிள்ளைக்கு இதமாகவும் இருக்கும். மிதித்துத் திருமுவதும், மூட்டைச் சொடுக்கி இழுப்பதும், பலம் வர வேண்டும் என்று உட்கார்ந்து எழ வைப்பதும் கூடாது. லேசாகக் கிழியும் சவ்வு அது. உள்ளுக்குப் பெயர் தெரியாத பொடியும் பற்பமும் வேண்டாம். 21 நாள் அங்கே தங்கிப் படிப்பைக் கெடுப்பதைவிட, வீட்டிலேயே தினமும் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது.

பிள்ளையை மல்லாத்திப் படுக்க வையுங்கள், முழங்கால் நேராக இருக்கட்டும். ஒரு கையால் முழங்காலுக்கு மேல் லேசாகப் பிடியுங்கள். மறு கையின் உள்ளங்கையில் குதிகாலை வாங்கி, முன்கை உள்ளங்கால் முழுவதும் படியும்படி வைத்து, குதிகாலைக் கீழே இழுத்துக்கொண்டே பாதத்தை முழங்கால் பக்கம் சாயுங்கள். 15 முதல் 30 நொடி பிடித்து விடுங்கள், ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. வலித்தால் அழுத்தம் அதிகம். பெரும்பாலானோர் விரல்களைப் பிடித்து வளைக்கிறார்கள், அப்படிச் செய்தால் நடுப்பாதம்தான் வளையும், குதிகாலின் தசைநாண் நீளாது. இரவில் கணுக்காலை நேராக வைக்கும் ஸ்பிளின்ட் (தாங்கு பட்டை) ஒன்றை பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துச் செய்து தருவார். நீச்சல் நல்லது. மாடிப்படி வேகமாக இறங்குவதும் மேட்டிலிருந்து குதிப்பதும் ஏறுவதைவிடக் கெடுதல். விளையாடிய மறுநாள் கடும் வலியும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்திலும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கார்டியோமயோபதியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இதயமும் தசைதான், மூச்சு வாங்காவிட்டாலும் நோய் உறுதியானதிலிருந்தே வருடம் ஒரு முறை எக்கோ எடுக்க வேண்டும்.

இதே சொல் தங்கள் சீட்டில் இருப்பதாக எண்ணும் பெரியவர்கள் இந்தப் பிள்ளையின் நிலையைத் தங்களுக்குப் பொருத்திப் பார்த்துக் கலங்க வேண்டாம். நடுவயதில் வரும் மயோபதிகளில் பல சரியாகக் கூடியவை: தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு, பொட்டாசியம் குறைவு, மது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, நீண்ட நாள் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டால் வருவதில் சி.பி.கே. ஏறவே ஏறாது, ஆகவே அது சரியாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. ஸ்டாட்டினை நீங்களாக நிறுத்தாமல் எழுதித் தந்தவரிடம் கேளுங்கள். சி.பி.கே. எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் கடும் உடற்பயிற்சியும் இடுப்பு ஊசியும் தவிர்க்க வேண்டும், இரண்டுமே எண்ணை ஏற்றிவிடும். இமையில் ஊதா நிறத் தடிப்பும் விரல் கணுக்களில் சிவப்பும் சேர்ந்து பலவீனம் வந்தால் அது அழற்சி வகை, தள்ளிப்போடக் கூடாது.

சகோதரி, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தசைச் சிதைவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மருத்துவம் கேரளத்தில் நடந்தாலும் ரேஷன் கார்டும் ஆதாரும் இங்கே என்பதால், மரபணு ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அதன் நகலோடு தென்காசி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாடு அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அதே அலுவலகம்தான். மலையாளத்தில் எழுதிய சீட்டு இருந்தால் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே சுருக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி, நகலை உங்கள் கைப்பையிலும் மகனின் பள்ளிப் பையிலும் வையுங்கள்: ‘முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் சக்சினைல்கோலின் கூடாது, முகர வைக்கும் மயக்க வாயுக்கள் தவிர்க்கப்பட வேண்டும்.’ சக்சினைல்கோலின் என்பது மயக்கத்தின்போது தசையைத் தளர்த்தப் போடும் ஊசி. இவற்றால் தசை ஒரேயடியாகச் சிதைந்து, பொட்டாசியம் கொட்டி, இதயம் நின்றுபோகலாம். பல்லுக்குப் போடும் மரத்துப்போகும் ஊசி பொதுவாகப் பிரச்சினை செய்யாது. எலும்பு முறிவு, குடலிறக்கம் என்று எதற்காக எந்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் மயக்க மருத்துவரிடம் அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள்.